பட்டாளத்துத் தாத்தாவுக்கு எமது வணக்கம்

(மேல் பிரிவு வாசிகசாலையில் தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து நடத்திய 31ஆம் நாள் நினைவுக் கூட்டத்தில், கமிட்டியின் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)





பட்டாளத்துத் தாத்தா நம்மை விட்டுப் போய் ஒரு மாதமாகிறது. அவருக்கு வயது 88. நிறைந்த வாழ்வு என்று ஊரில் சொல்கிறார்கள். வயதைப் பார்த்தால் அது சரிதான். ஆனால் அந்த வாழ்வுக்குள் எவ்வளவு அலைச்சல், எவ்வளவு அநியாயம், எவ்வளவு பொறுமை இருந்தது என்பதை இளைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கூட்டம். கமிட்டியில் இருக்கும் எங்களில் சிலர் அவருடைய சொந்தப் பேரப்பிள்ளைகள். மற்றவர்கள் அவர் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் போனவர்கள். ஆகவே இங்கே நாங்கள் பேசுவது கமிட்டியின் பேச்சு மட்டுமல்ல, பேரப்பிள்ளைகளின் பேச்சும்தான்.

பெரியவர் 1923இல் இந்தத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். அவருடைய தகப்பனார் திருச்சி மாவட்டத்து முசிறிப் பக்கத்திலிருந்து கங்காணியோடு வந்தவர். தாயார் கொழுந்து எடுத்தவர். சிறு வயதிலேயே இவருக்கும் பெரட்டில் பெயர் விழுந்தது. புல்லு வெட்டினார், கொந்தரப்பு எடுத்தார். நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் இதுவரை.

1939ஆம் ஆண்டில்தான் கதை மாறுகிறது. ஊரில் பாட்டிக்குச் சுகமில்லை என்று செய்தி வந்து, தாயார் அவரைக் கூட்டிக்கொண்டு இந்தியா போனார். அப்போது அவருக்கு 16 வயது. ஒரு மாதத்தில் திரும்புவதாகத்தான் சொல்லிப் போனார்கள். அந்த வருடம் ஆகஸ்ட் முதலாம் திகதி, இலங்கைக்குத் தோட்ட வேலைக்கு ஆள் போவதை இந்திய அரசாங்கம் தடை செய்தது. இங்கே அரசாங்கத் திணைக்களங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களை நிறுத்தி அனுப்பியதற்கு அது பதில் நடவடிக்கை. இரண்டு அரசாங்கங்களுக்கிடையில் நடந்த அந்த இழுபறியில், தகப்பனார் இந்தக் கரையிலும் தாயும் மகனும் அந்தக் கரையிலுமாக அகப்பட்டுக்கொண்டார்கள். பிறகு போரும் வந்தது.

ஊரில் காணி இல்லை, கூலி இல்லை. 1942இல் திருச்சியில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தார்கள். “நாட்டுப்பற்றினால் சேர்ந்தேன் என்று சொன்னால் அது பொய். மூன்று வேளைச் சோறு போடுவார்கள் என்று சேர்ந்தேன்” என்று அவரே பல முறை எங்களிடம் சொல்லியிருக்கிறார். தன்னைப் பெரிய வீரனாகக் காட்டிக்கொண்டு அவர் ஒரு நாளும் பேசியதில்லை.

அவரைச் சேர்த்தது பயனியர் படையில். பாதை போடுவது, பாலம் கட்ட மரம் சுமப்பது, விமானம் இறங்கத் தரை சமப்படுத்துவது, குண்டு இறக்குவது, முகாமுக்குக் குழி வெட்டுவது, இவைதான் அந்தப் படையின் வேலை. “எனக்குத் துப்பாக்கியை விட மண்வெட்டிதான் பழக்கம். இங்கே பிடித்த அதே மண்வெட்டியை அங்கேயும் பிடித்தேன்” என்பார்.

அசாமுக்கும் மணிப்பூருக்கும் அனுப்பினார்கள். திமாப்பூரில் ரயில் நிற்கும். அங்கிருந்து கோஹிமா வழியாக இம்பால் வரைக்கும் மலைப் பாதை. பர்மாவைப் பிடித்திருந்த ஜப்பான் படை 1944 மார்ச்சில் அந்தப் பாதையை நோக்கி வந்தது. ஜூலை வரைக்கும் சண்டை நடந்தது. மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடிவிடும். மூடிய இடத்தை உடனே திறந்தால்தான் முன்னால் இருப்பவனுக்குச் சோறும் மருந்தும் போகும், காயம்பட்டவன் பின்னால் வருவான். அந்த மண்ணை வெட்டி ஒதுக்கியவர்களில் ஒருவர்தான் நம் பெரியவர். ஜெனரல் ஸ்லிமின் 14ஆவது படை என்று சரித்திரப் புத்தகங்களில் எழுதியிருக்கிறார்கள். அந்தப் படைக்குப் பாதை திறந்து கொடுத்த கூலிக்காரக் கைகளைப் பற்றி அவ்வளவாக எழுதவில்லை.

அங்கே கண்ட இரண்டு விடயங்களை அவர் கடைசி வரைக்கும் சொல்வார். ஒன்று, அந்தப் பாதை வேலைக்கு அசாம் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் தொழிலாளர்களைக் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவர்களுடைய மொழி இவருக்குத் தெரியாது. ஆனால் பொழுது விடியும் முன்னால் வரிசையில் நிற்பதையும், பெயர் கூப்பிட்டதும் தலை நிமிர்வதையும் பார்த்து, “இது நம்ம பெரட்டு” என்று நினைத்தாராம். தேயிலை எங்கே விளைந்தாலும் தொழிலாளியின் நிலை ஒன்றுதான் என்று எங்களுக்குத் தொழிற்சங்கப் பாடம் சொல்லும்போது, அவர் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. கண்ணால் பார்த்ததைச் சொன்னார்.

மற்றது காய்ச்சல். குண்டில் செத்தவர்களை விட மலேரியாவிலும் வயிற்றோட்டத்திலும் விழுந்தவர்களைத்தான் அவர் அதிகம் கண்டார். தினமும் மஞ்சள் மாத்திரை விழுங்கி, தோலே மஞ்சளாகிப் போனதாம். “பட்டாளம் ஒரு இடத்தில் தங்கினால் முதலில் வெட்டுவது கக்கூஸ் குழி, அதற்குப் பிறகுதான் அடுப்புக் குழி” என்பார். பின்னாளில் நம் லயத்துக்குக் கக்கூசும் குழாய்த் தண்ணீரும் வேண்டும் என்று நிர்வாகத்தோடு அவர் மல்லுக்கட்டியதெல்லாம் அந்த அனுபவத்தில்தான். இன்று கீழ் லயத்துக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் கக்கூசுகள் யாரும் இரங்கிக் கொடுத்தவை அல்ல. பதினொரு முறை மனுக் கொடுத்து, இரண்டு நாள் மலைக்குப் போகாமல் நின்று வாங்கியவை. அந்த மனுக்களில் முதல் கைநாட்டு அவருடையது.

போர் முடிந்து, 1946இல் விடுதலைப் பத்திரமும் ஆறு முனை நட்சத்திரப் பதக்கம் ஒன்றும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். தாயார் ஊரிலேயே காலமாகிவிட்டார். நான்கு வருடச் சேவைக்கு ஓய்வூதியம் கிடையாது. தகப்பனார் இருந்த அதே காம்பராவுக்கு வந்து, அடுத்த வாரமே பெரட்டில் நின்றார். கவ்வாத்துக் கத்தி பிடிப்பதில் அவருக்கு நிகரானவர் அப்போது இந்தத் தோட்டத்தில் இல்லை என்று மூத்தவர்கள் சொல்வார்கள்.

உறவுகளே, அடுத்ததாகச் சொல்லப் போவதைத்தான் எல்லோரும் கவனமாகக் கேட்க வேண்டும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த வருடம் நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். பெரியவரின் தகப்பனார் முசிறியில் பிறந்தவர். ஆகவே இங்கே பிறந்த மகன் இந்த நாட்டவர் இல்லை என்றாகிவிட்டது. அடுத்து 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளியினர் விண்ணப்பம் போட்டுப் பிரஜாவுரிமை பெறலாம் என்றார்கள். அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னால், மணமானவர் என்றால் 7 வருடமும், மணமாகாதவர் என்றால் 10 வருடமும், இடைவிடாமல் இலங்கையில் வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால், அந்த வசிப்பு அறுந்துவிடும்.

1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். பெரியவர் விண்ணப்பம் போட்டார். சில வருடங்களுக்குப் பிறகு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். கால்நடையாகவும் பஸ்ஸிலுமாகப் போனார். “1939இலிருந்து 1946 வரைக்கும் எங்கே இருந்தாய்?” என்று விசாரணை அதிகாரி கேட்டார். பெரியவர் கொஞ்சம் பெருமையோடு தம் பட்டாள விடுதலைப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். இந்த நாட்டையும் சேர்த்துக் காப்பாற்றிய போர்தானே, கொழும்பிலும் திருகோணமலையிலும் 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் குண்டு போட்டானே, அவனைத் தடுத்த படையில்தானே இருந்தோம் என்று அவர் நினைத்தார்.

அந்தப் பத்திரமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இத்தனை வருடம் இலங்கையில் இல்லை என்று அவரே ஒத்துக்கொண்டதாக எழுதி, விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தார்கள்.

அவர் ஒருவரோடு அது முடியவில்லை. தகப்பனுக்கு இல்லையென்றால் பிள்ளைக்கும் இல்லை. இந்த மண்ணில் பிறந்த அவருடைய மூன்று பிள்ளைகளும் நாடற்றவர்களானார்கள். வாக்குரிமை ஏற்கனவே பறிக்கப்பட்டிருந்தது. அரசாங்க உத்தியோகத்துக்கு மனுப் போட முடியாது. அரசாங்கம் பிரித்துக் கொடுத்த காணியில் ஒரு துண்டுக்கும் கேட்க முடியாது. கடவுச்சீட்டு இல்லை. சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 975,000 மக்களைக் கணக்குப் பார்த்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். பெரியவரின் தம்பி இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு கப்பலேறினார். நீலகிரியில் கூடலூர்ப் பக்கம் மறுபடியும் தேயிலைக்குத்தான் போனார். “நீ இந்தியப் பட்டாளத்தில் இருந்தவன், உனக்கு அங்கே மரியாதை உண்டு, வா” என்று தம்பி கடிதம் போட்டார். பெரியவர் போகவில்லை. “அம்மாவை அந்தக் கரையில் புதைத்தேன், அப்பாவை இந்தக் கரையில் புதைத்தேன். பிறந்த இடத்தை விட்டு எத்தனை முறைதான் போவது?” என்று பதில் எழுதச் சொன்னார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை. இப்படிப் பிரிந்த குடும்பம் இல்லாத லயம் மலையகத்தில் உண்டா?

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகுதான், சத்தியக் கடதாசி கொடுத்துப் பிரஜாவுரிமைப் பத்திரம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 65. சரியாக நாற்பது வருடம் நாடற்றவராக இருந்திருக்கிறார். அந்தப் பத்திரம் யாரும் மனமிரங்கிக் கொடுத்ததல்ல. தொழிற்சங்கங்களின் பலமும், மலையக மக்கள் விடாமல் எழுப்பிய குரலும் சேர்ந்து வாங்கியது.

தோழர்களே, இவ்வளவு அநியாயம் நடந்த மனிதருக்கு மனம் கசந்து போயிருக்கலாம். குடித்துக் கெட்டுப் போயிருக்கலாம். அவர் அப்படிப் போகாததற்குக் காரணம் பேரப்பிள்ளைகள் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

அறுபது வயதில் வேலையிலிருந்து நின்ற நாள் தொடக்கம் அவருக்கு அடுத்த வேலை ஆரம்பித்தது. மகளும் மருமகளும் காலையில் மலைக்குப் போனால், பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விடுவதும் கூட்டி வருவதும், பள்ளிக்கூடம் அனுப்புவதும் அவர் பொறுப்பு. சொந்தப் பிள்ளை, பக்கத்துக் காம்பராப் பிள்ளை என்ற பேதமில்லை. காலை ஆறரைக்கு லயத்து வாசலில் எங்களை வரிசையாக நிறுத்துவார். நகம் பார்ப்பார், தலை பார்ப்பார், பெயர் கூப்பிடுவார். ஒருவர் குறைந்தால் அந்த வீட்டு வாசலுக்கே போய் நின்றுவிடுவார். மூன்று கட்டைத் தூரம், மழையிலும் பனியிலும், முன்னால் அவர் நடப்பார், பின்னால் நாங்கள் நடப்போம். எங்களுக்கு அது பெரிய வெட்கம். மற்றப் பிரிவுப் பிள்ளைகள் “பட்டாளம் வருது” என்று கேலி செய்வார்கள். இன்று எங்களில் இருவர் ஆசிரியர்கள், ஒருவர் தாதி, இன்னும் சிலர் கையெழுத்துப் போட்டுச் சம்பளச் சீட்டை வாசித்துக் கேள்வி கேட்கத் தெரிந்த தொழிலாளர்கள். அந்த வரிசையில் நின்றவர்கள்தான் எல்லோரும்.

ஒரு முறை, கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்குப் பெண்பிள்ளை வேண்டும், மாதாமாதம் பணம் வரும் என்று தரகர் ஒருவர் வந்தார். பெரியவரின் பேத்திக்கு அப்போது 12 வயது. வீட்டில் கஷ்டம். மருமகன் அரைமனதாகச் சம்மதித்துவிட்டார். பெரியவர் சத்தம் போடவில்லை. தரகருக்குத் தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்து, “என்னையும் சின்ன வயதில் ஒரு மாதத்தில் திரும்பி வரலாம் என்றுதான் கூட்டிப் போனார்கள். நான் திரும்பி வர ஏழு வருடம் ஆனது. நீங்கள் போய் வாருங்கள்” என்றார். தன் சேமலாப நிதிப் பணத்தில் மிச்சமிருந்ததை எடுத்து, அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவுக்குக் கொடுத்தார். அந்தப் பேத்திதான் நாங்கள் சொன்ன தாதி. கடைசி நாட்களில் பெரியவருக்குப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டதும் அவர்தான்.

1983 ஜூலையை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அக்கம்பக்கத்தில் லயங்களுக்குத் தீ வைக்கிறார்கள் என்று செய்தி வந்த இரவு, எல்லோரும் பதறி ஓட ஆரம்பித்தபோது, பெரியவர்தான் நிறுத்தினார். விளக்கை அணைக்கச் சொன்னார். பிள்ளைத்தாய்ச்சிகளையும் குழந்தைகளையும் நடுவில் விட்டு, ஒருவர் முந்தானையை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒரு சத்தமில்லாமல் மேல் மலைக்கு ஏறவைத்தார். உச்சியில் போய் ஆள் எண்ணினார். ஒரு கிழவி குறைந்தார். தானே இறங்கிப் போய் முதுகில் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று இரவு அந்தத் தேயிலைக்குள் இருந்தோம். கீழ்க் கிராமத்துச் சிங்களக் குடும்பம் ஒன்று இருட்டில் அரிசியும் கருவாடும் கொண்டுவந்து கொடுத்தது. அதையும் அவர் மறக்கவிடவில்லை. சில இளைஞர்கள் ஆத்திரப்பட்டு, ஆயுதம் பிடிக்கச் சொல்லித் தாருங்கள் என்று அவரிடம் கேட்டபோது, “சோறு கொண்டு வந்தவன் வீட்டைத் தாண்டித்தானே நீ போகவேண்டும்?” என்று கேட்டார். அதற்கு மேல் பேச்சில்லை.

அடுத்த வருடம், 1984 ஏப்ரலில், சம்பள உயர்வுக்காகவும் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம சம்பளத்துக்காகவும் வேலைநிறுத்தம் நடந்தது. அவர் வேலையிலிருந்து நின்றுவிட்டார், அவருக்கு அதில் ஒரு சதம் இலாபமில்லை. ஆனாலும் தாய்மார் கூட்டத்துக்குப் போனபோது, இந்த வாசிகசாலைத் திண்ணையில் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் வைத்துக்கொண்டு கஞ்சி காய்ச்சி ஊற்றினார். “பொம்பளை சம்பளத்துக்கு நீங்க ஏன் கஞ்சி காய்ச்சுறீங்க?” என்று யாரோ கிண்டலாகக் கேட்டதற்கு, “என் பொண்டாட்டி முப்பது வருசம் குறைஞ்ச சம்பளத்துக்குக் கொழுந்து எடுத்தா. அந்தக் கடன் எனக்கு இருக்கு” என்றார்.

உறவுகளே, அவர் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். பதக்கம் அதற்குள்தான் இருக்கும் என்று சின்ன வயதில் நாங்கள் நினைப்போம். பதக்கம் அடியில் எங்கோ கிடந்தது. மேலே இருந்தது முழுக்கக் கடதாசி. பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவரின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தடுப்பூசி அட்டை, பள்ளிக்கூட அறிக்கை, பிள்ளைகளின் விவாகப் பதிவு, சேமலாப நிதிக் கடிதங்கள், சங்கச் சந்தா ரசீது, எல்லாம் ஆளுக்கொரு உறையில். தம் வாழ்க்கையை ஒரு கடதாசி எப்படித் திருப்பிப் போட்டது என்று அவருக்குத் தெரியும். அதனால் எங்கள் கடதாசி ஒன்றையும் தொலையவிடவில்லை.

அதனால்தான் இன்று இந்தக் கூட்டத்தை அழுகையோடு முடித்துக்கொள்ள நாங்கள் விரும்பவில்லை. நம் தோட்டத்தில் இன்னும் பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அடையாள அட்டை இல்லாததால் வங்கியில் கணக்குத் திறக்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புப் பத்திரத்தில் மூன்றாவது பெயர் என்று இருப்பதால், முப்பது வருடம் உழைத்த சேமலாப நிதியை எடுக்க முடியாமல் அலைபவர்கள் இருக்கிறார்கள். பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, உண்மை. ஆனால் கடதாசி இல்லாதவருக்கு அந்த உரிமை எட்டாத கொம்பில்தான் இருக்கிறது. நாம் குடியிருக்கும் காம்பராவுக்கும் இன்னும் நம் பெயரில் உறுதி இல்லை.

ஆகவே தோட்டக் கமிட்டி எடுத்திருக்கும் தீர்மானத்தை இங்கே அறிவிக்கிறோம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் இந்த வாசிகசாலையில் கமிட்டி அங்கத்தவர்கள் இருப்பார்கள். உங்கள் வீட்டுக் கடதாசிகளைக் கொண்டு வாருங்கள். பெயர் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்த்துச் சொல்வோம். பிறப்புப் பதிவு இல்லாதவர்களுக்குக் காலங்கடந்த பதிவுக்கான விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்போம். கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்துக்கும் கூடவே வருவோம். பிள்ளை பிறந்தால் தோட்டக் காரியாலயத்தில் சொல்லிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள், பத்திரம் கையில் வந்து சேரும் வரைக்கும் கேளுங்கள். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுபவர் என்று பார்க்க மாட்டோம். ஆள் எண்ணும்போது ஒருவர் குறைந்தாலும் திரும்பிப் போய்க் கூட்டி வரவேண்டும் என்பது பெரியவர் எங்களுக்குக் கற்றுத் தந்தது.

பெரியவரின் குடும்பத்தாருக்கு இத்தோட்டத் தொழிலாளர்கள் அனைவரின் சார்பிலும் எமது ஆழ்ந்த அனுதாபங்கள். கூடலூரில் இருக்கும் அவருடைய தம்பியின் பிள்ளைகளுக்கும் இந்தக் கூட்டத்தின் செய்தியை எழுதி அனுப்புகிறோம்.

இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் உழைத்து, நாற்பது வருடம் அந்நியர் என்று சொல்லப்பட்டு, கடைசியில் இதே மண்ணில் பிரஜையாக அடக்கமான எங்கள் தாத்தாவுக்கு எமது வணக்கம். எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நிற்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.